நடுவில் நிற்கும் நாவல்: 'கோபல்லபுரத்து மக்க'ளை ஏரலில் இருந்து வாசித்தல்

(ஏரலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு நாவலைப் பற்றிப் பேசுங்கள் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டார்கள். எந்த நாவல் என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது கி. ராஜநாராயணன் எழுதிய 'கோபல்லபுரத்து மக்கள்'. தனியாக நிற்கும் நாவல் இல்லை இது. 1976-இல் 'கோபல்ல கிராமம்' வந்தது. 1980-களின் கடைசியில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு புத்தகமானது 'கோபல்லபுரத்து மக்கள்'. 1995-இல் 'அந்தமான் நாயக்கர்' வந்தது. ஒரே ஊரின் கதை மூன்று புத்தகங்களில் ஓடுகிறது. நான் பேசப்போவது நடுப் புத்தகத்தைப் பற்றி.

நடுப் புத்தகத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. தொடங்கி வைத்த பெருமை முதல் புத்தகத்துக்குப் போய்விடும், முடித்து வைத்த பெருமை மூன்றாவதுக்குப் போய்விடும். 'கோபல்ல கிராமம்' பிடிக்கும் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பொங்க மரம் ஆற்றின் குறுக்கே வளைந்து கொடுத்து ஒரு கூட்டத்தைக் கரையேற்றிய கதையை ஒரு தரம் படித்தவர்கள் மறப்பதில்லை. நடு நாவலைப் பற்றிக் கேட்டால், "அதுக்கு அகாதெமி விருது கிடைச்சது" என்பார்கள். 1991-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இந்த நாவலுக்குத்தான். விருது வாங்கிய புத்தகம் என்று எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால் வாசித்துப் பேசுகிறவர்கள் குறைவு. இந்த நாவலிடம் நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்று நான் நினைக்கிறேன்.

ஏரலில் ஏன் கரிசல் நாவல் என்று சிலருக்குத் தோன்றலாம். நாம் ஆற்றங்கரை ஆட்கள். 1873-இல் கட்டி முடித்த திருவைகுண்டம் அணைக்கட்டின் கால்கள் நம் வயல்களுக்குத் தண்ணீர் தருகின்றன. தாமிரபரணியில் அதுதான் கடைசி அணைக்கட்டு. அதற்குக் கீழே நாம், பிறகு கடல். கார், பிசானம் என்ற நெற்பருவங்களே நம் காலக்கணக்கு. வாழையும் நெல்லும் வெற்றிலையும் நம் வெள்ளாமை. நம் இலக்கிய நினைவும் பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே இருக்கிறது: புதுமைப்பித்தன், வண்ணநிலவன், வண்ணதாசன். கரிசலோ மழையைப் பார்த்து வானம் நோக்கி உட்கார்ந்திருக்கும் பூமி. கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் அங்கே. பிசான அறுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் இங்கே வருவார்கள். நாம் அங்கே போனது குறைவு. 1986 அக்டோபரில் திருநெல்வேலியைப் பிரித்துச் சிதம்பரனார் மாவட்டம் அமைத்தபோது ஏரலும் கி.ரா.வின் சொந்த ஊரான இடைசெவலும் சேர்ந்தே அந்தப் புது மாவட்டத்துக்குள் வந்தன. மூன்று வருஷத்தில் இந்த நாவலும் வந்தது. நம்முடைய மாவட்டத்தின் நஞ்சைப் பாதியிலிருந்து அதன் புஞ்சைப் பாதியை வாசிப்பது நமக்கு ஒரு கடமை என்றே சொல்வேன்.

முதலில் கதை எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 'கோபல்ல கிராம'த்தில் தனியே நடந்து போகும் ஒரு பெண், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க இறங்கிய இடத்தில், காதில் கிடந்த பாம்படத்துக்காகக் கொல்லப்படுகிறாள். சாகும்போது கொன்றவனுடைய கால் பெருவிரலைக் கடித்த கடியை விடுவதில்லை. அவன் பிடிபடுகிறான். அங்கிருந்து ஊரின் பெரிய குடும்பமான கோட்டையார் வீட்டுக்குள் கதை நுழைகிறது. பூட்டி மங்கத்தாயாரு அம்மாள் தன் கூட்டம் தெலுங்கு தேசத்திலிருந்து ஓடிவந்த கதையைச் சொல்கிறாள். சென்னாதேவி என்ற அழகியை ஓர் அரசன் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் கூட்டமே இரவோடு இரவாகப் புறப்பட்டது, காடு திருத்தி ஊர் உண்டாக்கியது. கடைசியில் கும்பினி ஆட்சி வந்து ஊர்மேல் அமர்கிறது.

அந்த நாவலின் இரு தொடக்கங்களையும் கவனியுங்கள். நிகழ்காலக் கதை ஒரு பெண்ணின் கொலையில் தொடங்குகிறது. பழங்கதை ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஓடுவதில் தொடங்குகிறது. இரண்டிலும் பெண்ணின் உடம்பைச் சுற்றி அச்சம் இருக்கிறது. நகைக்காக ஒருத்தி சாகிறாள், அழகுக்காக ஒருத்தி ஓடுகிறாள். அந்த ஊரின் அஸ்திவாரத்தில் கிடப்பது அந்தப் பயம்.

நடு நாவல் வேறு இடத்தில் தொடங்குகிறது. கிட்டப்பன், அச்சிந்தலு என்ற இருவருடைய காதல்தான் அதன் வாசல். முதல் நாவலில் பெண் மற்றவர்களுடைய ஆசைக்கு இலக்காக இருந்தாள். இங்கே பெண்ணுக்கு ஆசை இருக்கிறது. அவள் பார்க்கிறாள், காத்திருக்கிறாள், கோபப்படுகிறாள். இந்த மாற்றம் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. ஓர் ஊர் ஊன்றிவிட்டது என்பதற்கு அதன் கிணறும் கோயிலும் மட்டும் அடையாளமாகாது. அங்கே வளரும் ஒரு பெண்பிள்ளை பயமில்லாமல் ஒருவனை விரும்ப முடிகிறதா என்பதும் அடையாளம். அவர்களுடைய காதல் என்ன ஆயிற்று என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. இடம் போதாமல் அரங்க வாசலில் நின்று கேட்கும் பிள்ளைகள் பலர் இன்னும் வாசித்திருக்க மாட்டார்கள். அதை நாவலில்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அந்தக் காதல் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைப் பற்றிப் பேசியாக வேண்டும். நம் தொடர்கதைகளில் காதலர்களுக்குத் தனி இடம் ஒன்று கிடைத்துவிடும்: கடற்கரை, பூங்கா, ரயில் பெட்டி. இந்த ஊரில் அப்படியொரு தனி இடமே கிடையாது. காடு என்றால் அங்கே பருத்தி எடுக்க ஆட்கள் நிற்பார்கள். தொழு என்றால் மாட்டுக்குக் கூளம் போட யாராவது வருவார்கள். கிணற்றடியைச் சொல்லவே வேண்டாம். இருவர் ஒரு நொடி பார்த்துக்கொண்டால் மூன்றாவது ஆள் பார்த்திருப்பார். அந்த மூன்றாவது ஆள் யாரிடமாவது சொல்வார். காதலைக் கதைசொல்லி நமக்குத் தருவது அந்த ஊர்வாய் வழியாகத்தான். கிசுகிசு, கேலி, ஊகம், பெரியவர்களின் மௌனம், கிழவிகளின் சாடை எல்லாவற்றின் வழியாகவும் அந்த இருவரையும் நாம் அறிகிறோம். ஊர் முழுக்க அந்தக் காதலுக்குள் இருக்கிறது.

ஊர்வாய் என்று சொன்னேன். இன்றைய பேச்சில் நான் பற்றிக்கொண்டு போக நினைக்கும் இழை அதுதான்.

இந்த நாவலைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. முதல் பாதி காதலும் ஊர் வாழ்க்கையுமாகப் போகிறது, இரண்டாம் பாதி விடுதலைப் போராட்டமாகப் போய் 1947-இல் முடிகிறது, இரண்டும் ஒட்டவில்லை என்பார்கள். முதல் பாதி நாவல், இரண்டாம் பாதி வரலாற்றுப் பாடம் என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. நல்ல வாசகர்கள் சொன்ன குறை இது. பதில் சொல்லாமல் போக முடியாது.

இரண்டு பாதிகளையும் இணைப்பது கதைச் சம்பவம் ஒன்றும் இல்லை. சேதி போகும் பாதைதான் இணைக்கிறது. முதல் பாதியில் கிட்டப்பன், அச்சிந்தலு சேதி எந்தத் திண்ணையிலிருந்து எந்தத் திண்ணைக்குப் போயிற்றோ, எந்த மந்தையில் நின்று பேசப்பட்டதோ, அதே திண்ணைக்கும் அதே மந்தைக்கும்தான் இரண்டாம் பாதியில் வ.உ.சி. வருகிறார், காந்தி வருகிறார், பகத்சிங் வருகிறார். நேரில் வரவில்லை, பேச்சாக வருகிறார்கள். அந்த ஊர் ஆட்களுக்கு இந்தியா என்பது முதலில் ஒரு கேள்விப்பட்ட சேதி. அதை நம்பலாமா, சொன்னவன் யார், அவனுக்கு எப்படித் தெரியும், இதில் நமக்கு என்ன என்று காதல் சேதியைப் புரட்டிப் பார்த்தது போலவே அதையும் புரட்டிப் பார்க்கிறார்கள். பெரிய சேதியைக் கேட்கும் பழக்கத்தை அவர்கள் சின்னச் சேதியில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். முதல் பாதி இல்லாவிட்டால் இரண்டாம் பாதியில் பேசும் வாய்கள் யாருடையவை என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் 1876-இல் வந்துவிட்டது. கோவில்பட்டி அந்தப் பாதையில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே, 1860-களில், கரிசல் பருத்திக்கு இங்கிலாந்து ஆலைகள் விலை கொடுத்தன. 1901-இல் கோவில்பட்டியில் அரசு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. மண்ணெண்ணெய் விளக்கும் தீப்பெட்டியும் வீடுகளுக்குள் நுழைந்த காலம். ஊர் ஏற்கெனவே உலகத்தோடு கட்டப்பட்டுவிட்டது; ஆனால் ஊருக்கு அது தெரியாது. பருத்திப் பொதி லிவர்பூல் போகிறது, பருத்தியை விளைவித்த சம்சாரி கோவில்பட்டிச் சந்தைக்கு அப்பால் போனதில்லை. பொருளுக்குத் தெரிந்த வழி மனிதனுக்குத் தெரிய ஐம்பது அறுபது வருஷம் ஆயிற்று. அந்த இடைவெளியில்தான் இந்த நாவல் நடக்கிறது.

பத்திரிகையும் அப்படித்தான் வந்தது. 1882-இல் தொடங்கிய சுதேசமித்திரன் 1899-இல் நாளிதழானது. 1934-இல் தினமணி. ஆனால் ஊரில் பத்திரிகை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தம் பாஷையில் சொல்வார். அவர் சொன்னதைக் கேட்ட அம்மா அடுப்படியில் வேறு விதமாகச் சொல்வாள். ஆக அச்சில் வந்த இந்தியா ஊரின் நாலைந்து வாய்களில் மென்று விழுங்கப்பட்ட பிறகே ஊருடையதாகிறது. எந்த வரலாற்று ஆசிரியரும் ஆவணக் காப்பகத்தில் தேடி எடுக்க முடியாத பகுதி இது. நாவலாசிரியர் அதை எடுத்து வைத்திருக்கிறார்.

இந்த வேலைக்குப் பொருத்தமான ஆளாக அவர் இருந்தார். 1923 செப்டம்பரில் இடைசெவலில் பிறந்தவர். அதே ஊரில், அதே மாதத்தில், ஒரு வார இடைவெளியில் பிறந்தவர் கு. அழகிரிசாமி. வீட்டில் தெலுங்கு, ஊரில் தமிழ். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சியிலும் விவசாயிகள் இயக்கத்திலும் வேலை செய்து சிறைக்குப் போனவர். வயசு நாற்பதை நெருங்குகையில்தான் சிறுகதைகளோடு எழுத்துக்கு வந்தார். 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டிய வேலையை ஒரு சம்சாரி முன்னின்று செய்தது அது. இந்த நடு நாவல் வந்த சமயத்தில்தான், 1989-இல், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிக்கும் பணிக்காக ஊரை விட்டுப் புதுச்சேரி போனார். பிறகு 2021 மே 17-இல் காலமாகும் வரை அங்கேதான் இருந்தார். உடல் மட்டும் இடைசெவலுக்கு வந்து அரசு மரியாதையோடு அடக்கமாயிற்று. ஊரைவிட்டுக் கிளம்புகிற வயசில் ஊர் முழுவதையும் எழுதி வைத்துவிட்டுப் போன புத்தகமாகவும் இதை நான் வாசிக்கிறேன்.

மொழியைப் பற்றி ஒரு செய்தியை விரிவாகச் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னாலும் வட்டார வழக்கை எழுதியவர்கள் உண்டு. பாத்திரங்கள் பேசும்போது வழக்கு வரும். ஆசிரியர் பேசும்போது பொதுத்தமிழ் வரும். மேற்கோள் குறிக்குள் கிராமம், வெளியே பட்டணம். கி.ரா. அந்த வேலியை எடுத்தார். கதை சொல்பவரும் அதே வாயால்தான் பேசுகிறார். இந்த நாவலில் கதை சொல்பவர் மேலே வானத்தில் நின்று பார்ப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்தது மட்டுமே. ஊருக்கு ஐயம் இருக்கும் இடத்தில் அவருக்கும் ஐயம் இருக்கிறது. ஒரு காளைமாட்டைப் பற்றியோ ஒரு விருந்துச் சாப்பாட்டைப் பற்றியோ பேச்சு வந்தால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு அதைப் பேசி முடித்துவிட்டுத்தான் திரும்புகிறார். அவசரக்கார வாசகர்களுக்கு இது இடறும். நம் பெரியவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டிருப்பவர்களுக்கு இடறாது. வாரத்துக்கு ஓர் அத்தியாயமாக விகடனில் வந்தபோது இந்த நடை தமிழ்நாடு முழுக்க, கரிசலே பார்க்காத வீடுகளுக்குள் போயிற்று. அது சாதாரண காரியம் இல்லை.

இதிலிருந்துதான் இரண்டாம் பாதியின் குறையையும் சரியாகச் சொல்ல முடிகிறது. குறை உண்டு. மறைக்கப்போவதில்லை. சில அத்தியாயங்களில் திண்ணையில் இருந்த குரல் எழுந்துபோய், வேறொரு குரல் உட்கார்ந்துகொள்கிறது. தேதியும் தலைவர் பெயரும் தொடர்ந்து வருகின்றன. ஊர் ஆட்கள் கேட்பவர்களாக மட்டும் நிற்கிறார்கள். குறுக்கே பேசுவதில்லை. முதல் பாதியில் ஒரு வாக்கியத்தைக்கூடக் குறுக்குக் கேள்வி இல்லாமல் விட்டவர்களா இவர்கள் என்று தோன்றுகிறது. ஒருவகையில் அது உண்மைக்கு நெருக்கமானதுதான். வெளியிலிருந்து வந்த அரசியல் அந்த ஊருக்கு வாசித்துக் காட்டப்பட்ட பாஷையில், பிரசங்க பாஷையில்தான் வந்திருக்கும். ஆனாலும் அதை நியாயமாகச் சொல்லி எல்லாப் பக்கங்களையும் காப்பாற்றிவிட முடியாது. சில பக்கங்கள் வறண்டே இருக்கின்றன. ஆசிரியருக்கு அந்தப் போராட்டத்தின் மேல் இருந்த பக்தி, கதைசொல்லியை மீறிவிட்ட இடங்கள் அவை. எனக்கு அந்த பக்தியின் மேல் மரியாதை உண்டு. நாவலாக அவை இளைத்துப்போயின என்பதையும் சொல்கிறேன்.

இந்தச் சிக்கல் கி.ரா.வுக்கு மட்டும் வந்ததில்லை. வங்காளத்தில் ஆஷாபூர்ணா தேவி மூன்று நாவல்கள் எழுதினார்: 1964-இல் 'பிரதம் பிரதிச்ருதி', 1967-இல் 'சுவர்ணலதா', 1974-இல் 'பகுல் கதா'. நடுவில் உள்ள சுவர்ணலதாவுக்கு வாழ்நாள் ஆசை ஒன்று: தெருவைப் பார்க்க வீட்டில் ஒரு மாடித் தாழ்வாரம். வெளியே சுதேசி இயக்கம் நடக்கிறது. அவள் நான்கு சுவருக்குள். வெளியே நடக்கும் வரலாற்றை ஒரு வீட்டுக்குள்ளிருந்து எப்படிச் சொல்வது என்பதே அந்த நாவலின் பாடு. ஸ்காட்லாந்தில் லூயிஸ் கிராஸிக் கிப்பன் என்பவர் 1932 முதல் 1934 வரை வருஷத்துக்கு ஒன்றாக மூன்று நாவல்கள் எழுதினார். முதல் நாவல் வயல்காட்டில், நடு நாவல் ஒரு சின்ன ஆலை ஊரில், மூன்றாவது நகரத்தில். நடு நாவலில் அந்தச் சின்ன ஊரின் வம்புப் பேச்சே பல பக்கங்களுக்குக் கதையை நடத்துகிறது. அவரும் அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கைக் கதைசொல்லியின் வாயிலேயே வைத்தார். இவர்கள் ஒருவரையொருவர் வாசித்தார்களா என்பது இங்கே பேச்சில்லை. ஊரிலிருந்து நாட்டுக்குப் போகும் பாதையை எழுதப் புகுந்தவர்கள் எல்லாரும் நடுப் புத்தகத்தில் இதே மேட்டில் வண்டியை ஏற்றியிருக்கிறார்கள். கி.ரா. ஏற்றிய விதத்தில் ஊர்வாய்க்குத்தான் முதலிடம்.

இன்னொரு குறையும் உண்டு. அது ஊர்வாயைப் பற்றியதே. ஊர்வாய் என்று நாம் சொல்வது யாருடைய வாய்? கோட்டையார் வீட்டைச் சுற்றி வாழும் நிலம் உள்ள கம்மவார் குடும்பங்களின் வாய்தான் இந்த நாவலில் பெரிதாகக் கேட்கிறது. அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள், ஊருக்குத் தெற்கிலும் கிழக்கிலும் ஒதுங்கியிருந்தவர்கள், கதைக்குள் வந்து போகிறார்கள்; அவர்கள் திண்ணையிலிருந்து ஊரைப் பார்ப்பது நடப்பதில்லை. அவர்களுக்குத் திண்ணையே இருந்ததில்லை என்பதும் ஒரு விஷயம். இதைக் கி.ரா.வின் மேல் சாட்டும் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த வாயால் அவர் பேசினார். ஆனால் கரிசலை முழுமையாக வாசிக்க விரும்புகிறவர்கள் இதோடு பூமணியின் 'பிறகு' நாவலையும், சோ. தர்மனின் 'தூர்வை'யையும் சேர்த்து வாசிக்க வேண்டும். 'பிறகு' 1979-இல் வந்தது, அதாவது கோபல்ல கிராமத்துக்கும் கோபல்லபுரத்து மக்களுக்கும் நடுவில். அதே கரிசல் மண், அதே கிணற்றடி. பார்க்கும் இடம் மட்டும் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் படித்த மாணவருக்குக் கரிசலின் சமூக வரலாறு வேறு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத விதத்தில் கிடைக்கும்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன்.

கோபல்லபுரம் ஒரு கற்பனை ஊர். ஆனால் அதன் இரண்டாம் பாதிக் காலத்தில் நம் பக்கத்தில் நடந்தது எதுவும் கற்பனை இல்லை. 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 மார்ச் 12-இல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. அவருக்குத் தீர்ப்பு வந்த அதே 1908-இல்தான், ஆடி அமாவாசையன்று, நம் ஊரில் சேர்மனாக இருந்த அருணாசல சுவாமி சமாதியானார். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் லட்சக்கணக்கில் வந்து கும்பிடுகிறவர்களுக்கு அந்த வருஷம் தெரியும். அந்தக் கொந்தளிப்பும் அதே வருஷம் என்பதைச் சேர்த்து நினைத்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? அந்த ஆடியில் ஆற்றங்கரையில் கூடியவர்கள் சிதம்பரம் பிள்ளையைப் பற்றிப் பேசாமலா இருந்திருப்பார்கள்? 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். அந்தச் சேதி எந்த வழியாக, எத்தனை நாளில், என்ன உருவத்தில் ஏரல் சந்தைக்கு வந்தது?

1942 இன்னும் பக்கத்தில். திருச்செந்தூர் தாண்டிக் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து இந்தச் சுற்று வட்டாரமே போலீஸ் கெடுபிடிக்கு ஆளாயிற்று. அந்தக் கொலை வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அவர்கள் உயிர் தப்பினார்கள். ஆறுமுகநேரியிலும் குரும்பூரிலும் இங்கேயும் அப்போது வீட்டுக்கு வீடு பேசப்பட்ட பேச்சு ஒன்று இருந்திருக்கும். வழக்கு ஆவணங்களில் சாட்சிகள் பேசுகிறார்கள். ஆனால் இரவில் வாசல் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் என்ன பேசினார்கள் என்பதை எழுதிய நாவல் நமக்கு இல்லை. ஜோ டி குரூஸ் 'கொற்கை'யில் கடற்கரைச் சமூகத்தையும் தூத்துக்குடியையும் எழுதிவிட்டார். ஆற்றின் கடைசி மடைகளில் வாழ்ந்த நம் வாழைக்காரர்களுடைய, வெற்றிலைக்காரர்களுடைய, பாத்திரக்கடைக்காரர்களுடைய 1942 இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. 'கோபல்லபுரத்து மக்க'ளை வாசிக்கும்போது எனக்கு எழும் ஏக்கம் இது. பொறாமை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இடைசெவலுக்குக் கிடைத்த எழுத்தாளர் நமக்குக் கிடைக்கவில்லையே என்று இதை விட்டுவிடக் கூடாது. ஊர்வாய் சாகும் வேகம் அதிகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு நம் வீதிகளுக்குள் வந்தது, பாலம் துண்டானது, மாடியில் ஏறி நின்றவர்கள் எத்தனை பேர் இந்த அரங்கத்திலேயே இருக்கிறீர்கள். அந்த ராத்திரியை இன்று நீங்கள் சொல்லும் விதம் வேறு, பத்து வருஷம் கழித்துச் சொல்லப்போகும் விதம் வேறு. முதலில் பயமாகச் சொன்னதை அப்புறம் கதையாகச் சொல்வோம். கதையாகும்போது சில பேர் பெரியவர்களாவார்கள், சில பேர் விடுபட்டுப் போவார்கள். மங்கத்தாயாரு அம்மாள் சொன்ன ஓட்டத்தின் கதையும் அப்படித்தான் ஒரு காலத்தில் வெறும் பயமாக இருந்திருக்கும். மரம் வளைந்து கொடுத்தது என்பது எத்தனையோ தலைமுறை வாய்களில் பிறகு சேர்ந்தது. நடு நாவலுக்கு வரும்போது அந்த மரம் இல்லை. அற்புதம் குறைந்து, கிட்டத்துச் சேதியும் சந்தேகமும் கூடிவிட்டன. அற்புதக் கதையிலிருந்து பத்திரிகைச் சேதிக்கு ஒரு சமூகம் நகர்வதை ஒரே ஊரில், ஒரே குடும்பத்து வாரிசுகளிடம் காட்டியதற்கு நடுப் புத்தகம் தேவைப்பட்டது.

மூன்றாவது புத்தகத்தைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. 'அந்தமான் நாயக்கர்' அளவில் சிறியது. விடுதலைப் போரில் தண்டனை பெற்று அந்தமான் போனவர், விடுதலைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பிப் பார்க்கிறார். ஊர் அவர் நினைத்த ஊராக இல்லை. முதல் நாவலில் ஓர் ஊரே கதாநாயகன். நடு நாவலில் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய எத்தனையோ ஆட்கள் கூடி நிற்கிறார்கள். மூன்றாவதில் ஒரே ஒரு மனிதன், தனியாக. அவருடைய தனிமை நமக்கு வலிக்க வேண்டுமானால், அதற்கு முன்னால் கூட்டமாக வாழ்ந்த வாழ்க்கையின் சூடு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தருவது நடு நாவல். முதல் நாவலை மட்டும் படித்தவர்கள் மூன்றாவதுக்குத் தாவினால் அந்த வலி கிடைக்காது.

நேற்று ஓர் ஆசிரியை என்னிடம் கேட்டார்: பிள்ளைகள் நேராக நடு நாவலிலிருந்தே தொடங்கலாமா? தாராளமாகத் தொடங்கலாம். கிட்டப்பனும் அச்சிந்தலுவும் யார் என்று தெரிந்துகொள்ள முதல் நாவல் தேவையில்லை. படித்து முடித்த பிறகு, இந்த ஊர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக எழும். அப்போது முதல் நாவலை எடுக்கட்டும்.

வாசிக்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல ஆசை. இந்த நாவலைக் கண்ணால் மட்டும் படிக்காதீர்கள். சத்தமாகப் படியுங்கள். ஒருவர் படிக்க நாலு பேர் கேளுங்கள். கேட்கிற நாலு பேரில் ஒருவர் எழுபது வயசைத் தாண்டியவராக இருக்கட்டும். முதல் பாதியில் அவர் சிரிப்பார், "எங்க ஆச்சி காலத்துல" என்று தொடங்குவார். நிறுத்தாதீர்கள், அவரைப் பேச விடுங்கள். இரண்டாம் பாதியில் நான் சொன்ன வறண்ட பக்கங்கள் வரும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 1947 ஆகஸ்டில் நம் ஊரில் என்ன நடந்ததாக அவருடைய அப்பா சொன்னார் என்று கேளுங்கள். கொடி எங்கே ஏற்றினார்கள், யார் மிட்டாய் கொடுத்தார்கள், யாரை அழைக்காமல் விட்டார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய வாய்மொழியிலேயே, திருத்தாமல், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் பதிந்தாலும் சரிதான். ஆனால் எழுதவும் செய்யுங்கள். எழுதும்போதுதான் எந்தச் சொல் நமக்கு இனித் தெரியாது என்பது தெரியவரும்.

அடுத்த வருஷம் இந்த மேடைக்கு யார் வந்து பேசினாலும், அந்த நோட்டுகளில் நாலைந்தாவது அவர் கையில் இருக்கட்டும். பள்ளிக்கூட நூலகங்களில் இந்த மூன்று நாவல்களும் பூமணியும் சோ. தர்மனும் இருக்கிறார்களா என்று தலைமை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத பள்ளிகளுக்கு வாங்கித் தர அறக்கட்டளையினர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.